விசாரணைக்கான மனத்தகுதி: சென்னை மாகாணச் சட்ட மரபும் தாம்பரம் புறநகரின் நடப்பும்

ஆய்வுச்சுருக்கம்

குற்றஞ்சாட்டப்பட்டவர் தம்மீதான வழக்கைப் புரிந்துகொண்டு எதிர்வாதம் செய்யும் மனநிலையில் இருக்கிறாரா என்பதை நீதிமன்றம் மருத்துவர் துணையுடன் ஆராயும் நடைமுறை, 1861ஆம் ஆண்டுக் குற்ற நடைமுறைச் சட்டம் தொடங்கி 2023ஆம் ஆண்டுப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வரை இந்தியாவில் தொடர்ந்து வருகிறது. இந்நடைமுறையின் தோற்றம், சென்னை மாகாணத்தில் அதற்குத் துணைநின்ற மருத்துவ நிறுவனங்கள், ராமன் ராகவ், மசாங் லாலுங் ஆகியோரின் வழக்குகள் வெளிப்படுத்திய சிக்கல்கள், பிற்காலத் திருத்தங்கள் ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. குற்றஞ்சாட்டப்பட்டவரைக் காக்கத் தோன்றிய விதி, எல்லையற்ற காவலுக்கு வழிவகுத்தது எவ்வாறு என்பதும், இன்றைய தாம்பரம் போன்ற புறநகர்ப் பகுதியில் அவ்விதி நிறைவேற எவையெவை தேவை என்பதும் இதன் மைய வினாக்களாகும்.

திறவுச்சொற்கள்: விசாரணைத் தகுதி, சித்த சுவாதீனம், குற்ற நடைமுறைச் சட்டம், கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை, தாம்பரம், மனநலப் பராமரிப்புச் சட்டம்.

முன்னுரை

ஒருவரைத் தண்டிப்பதற்கு முன் அவர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்பது தமிழ் அறமரபு நன்கறிந்த கோட்பாடு. திருக்குறளின் செங்கோன்மை அதிகாரம் குற்றத்தை ஆராய்வதையே அரசன் கடமைகளில் முதலில் வைக்கிறது. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் செய்த பிழை, கோவலனை விசாரிக்காமல் கொல்லப் பணித்ததாகும். ஆனால் விசாரணைக்கு அழைக்கப்பட்டவரே பேசவும் கேட்கவும் புரிந்துகொள்ளவும் இயலாத நிலையில் இருந்தால் என் செய்வது? உடலால் நீதிமன்றத்தில் நின்றும் உள்ளத்தால் அங்கு இல்லாத ஒருவரை விசாரிப்பது, அவர் இல்லாத இடத்தில் விசாரிப்பதற்கு ஒப்பாகும். இவ்வினாவுக்கு நவீனச் சட்டம் அளித்த விடையே விசாரணைத் தகுதி ஆய்வு.

இந்தியச் சட்ட வரலாற்றில் மனநோயும் குற்றமும் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவையே சுற்றி அமைந்துள்ளன. விசாரணைக் காலத்து மனநிலை பற்றிய விதிகள் அத்துணைக் கவனம் பெறவில்லை. ஆனால் சிறையிலும் மனநல மருத்துவமனையிலும் பல்லாண்டுகள் மறக்கப்பட்டவர்களின் வரலாறு இவ்விதிகளோடுதான் பிணைந்துள்ளது. ஆதலின் இவ்விதிகளைத் தனியே எடுத்து ஆராய்வது தேவையாகிறது.

1. இருவேறு காலம், இருவேறு வினா

தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவும் (இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவு) குற்ற நடைமுறைச் சட்டத்தின் விதிகளும் ஒரே சொல்லைக் கையாளுகின்றன. எனினும் அவை கேட்கும் வினாக்கள் வேறு. 84ஆம் பிரிவு செயல் நிகழ்ந்த கணத்தை நோக்குகிறது. அக்கணத்தில் தம் செயலின் தன்மையையோ, அது தவறு அல்லது சட்டத்துக்கு மாறானது என்பதையோ அறிய இயலாதவராக ஒருவர் இருந்தாரா என்பது அதன் வினா. விடை ஆம் எனில் அவர் விடுதலைக்கு உரியவர். இதை மெய்ப்பிக்கும் சுமை அவரையே சாரும்.

விசாரணைத் தகுதி, நீதிமன்றத்தில் நிற்கும் இன்றைய நாளை நோக்குகிறது. குற்றச்சாட்டு இன்னதெனப் புரிகிறதா, வழக்கறிஞருக்குச் செய்தி சொல்ல இயலுமா, சாட்சிகள் கூறுவதைத் தொடர முடிகிறதா என்பன இங்கு எழும் வினாக்கள். விடை இல்லை எனில் வழக்கு முடிவதில்லை, ஒத்திவைக்கப்படுகிறது. குற்றம் செய்தாரா என்பது தீர்மானிக்கப்படாமலே நிற்கிறது.

இவ்விரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை அல்ல. செயல் நிகழ்ந்தபோது தெளிவாக இருந்த ஒருவர் சிறையில் நோயுறலாம். செயலின்போது நோயுற்றிருந்தவர் சிகிச்சையால் தெளிந்து விசாரணைக்குத் தகுதி பெறலாம். மூன்றாவது வினா ஒன்றும் உண்டு: காவலில் உள்ள நோயாளிக்குச் சிகிச்சை தேவைப்படுகிறதா என்பது அது. இம்மூன்றையும் பிரித்தறியாமல் 'மனநிலை சரியில்லாதவர்' என்னும் ஒரே பெயரில் அடக்கியதே பல அநீதிகளின் வேர் என்பது பின்வரும் வழக்குகளால் புலனாகும்.

2. கோட்பாட்டின் தோற்றம்

1800ஆம் ஆண்டு இங்கிலாந்தில் மன்னர் மூன்றாம் ஜார்ஜ்மீது துப்பாக்கியால் சுட்ட ஜேம்ஸ் ஹாட்ஃபீல்டு, சித்தப்பிரமை கொண்டவர் என விடுவிக்கப்பட்டார். அவரை வெளியே விட அரசு அஞ்சியதால் அதே ஆண்டில் குற்றவாளிப் பித்தர் சட்டம் இயற்றப்பட்டது. விடுவிக்கப்பட்டவரையும், விசாரிக்க இயலாதவரையும் மன்னரின் விருப்பம் உள்ளவரை காவலில் வைக்க அது இடமளித்தது. காவலுக்குக் கால வரம்பு இல்லை என்பது இங்கேயே தொடங்குகிறது.

1836ஆம் ஆண்டுப் பிரிட்சர்டு வழக்கு தகுதியின் அளவுகோலை வகுத்தது. கேட்கவும் பேசவும் இயலாத ஒருவர் அவ்வழக்கில் நிறுத்தப்பட்டார். அவர் வேண்டுமென்றே வாய்திறவாதிருக்கிறாரா, குற்றச்சாட்டுக்கு மறுமொழி கூற வல்லவரா, விசாரணையின் போக்கைப் புரிந்து தக்க எதிர்வாதம் செய்யும் அறிவுத்திறன் உடையவரா என்னும் மூன்று வினாக்களை நீதிபதி ஆல்டர்சன் ஜூரியின் முன் வைத்தார். நோயின் பெயர் இவ்வினாக்களில் இடம்பெறவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. ஆய்வின் பொருள் திறன்; நோய் அத்திறன் இன்மைக்கு ஒரு காரணம் மட்டுமே.

இந்தியாவில் 1849ஆம் ஆண்டின் 4ஆம் சட்டம் குற்ற வழக்கில் தொடர்புடைய பித்தரைப் பாதுகாப்பில் வைப்பது பற்றி இயற்றப்பட்டது. 1858இல் மனநோயாளர் பற்றிய மூன்று சட்டங்கள் (34, 35, 36) அடுத்தடுத்து வந்தன. அவற்றுள் 36ஆம் சட்டம் மனநோய் விடுதிகளை நிறுவுவதையும் அவற்றில் சேர்ப்பதையும் ஒழுங்குபடுத்தியது. 1861இல் குற்ற நடைமுறைச் சட்டம் வந்தபோது விசாரணைத் தகுதி பற்றிய விதிகள் அதில் இடம்பெற்றன. 1872, 1882 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் வழியாக அவை 1898ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34ஆம் இயலில் 464 முதல் 475 வரையிலான பிரிவுகளாக நிலைபெற்றன. முக்கால் நூற்றாண்டுக்காலம் தமிழ்நாட்டு நீதிமன்றங்கள் பின்பற்றியவை இப்பிரிவுகளே.

3. சென்னையின் மருத்துவ நிறுவனங்கள்

சட்டம் மருத்துவர் சான்றைக் கோரியபோது அச்சான்றை அளிக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. சென்னையில் அதன் தொடக்கம் 1794 ஆகும். கிழக்கிந்தியக் கம்பெனியின் அறுவை மருத்துவர் வாலண்டைன் கானலி அவ்வாண்டில் 16 பேருக்கான மனநோய் விடுதி ஒன்றைத் தனியார் முயற்சியாக நடத்தத் தொடங்கினார். பின்னர் அது பல கைகள் மாறியது. 1871இல் கீழ்ப்பாக்கத்தில் லோகாக் தோட்டம் எனப்பட்ட இடத்தில் அரசின் மனநோய் விடுதி 145 நோயாளிகளுடன் திறக்கப்பட்டது. அதே காலப்பகுதியில் விசாகப்பட்டினத்திலும் கோழிக்கோட்டிலும் விடுதிகள் எழுந்தன. சென்னை மாகாணம் முழுமைக்கும் இம்மூன்று விடுதிகளே பயன்பட்டன.

இதன் விளைவு எண்ணிப்பார்க்கத்தக்கது. திருநெல்வேலியிலோ மதுரையிலோ ஒரு நடுவர் ஐயம் கொண்டால், முதற்கட்டத்தில் மாவட்ட சிவில் சர்ஜன் சோதிப்பார். நீண்டகாலக் கண்காணிப்பு தேவைப்பட்டால் நோயாளி மாகாணத் தலைநகருக்கு அனுப்பப்பட வேண்டும். வழக்கு ஓரிடத்தில், நோயாளி நூற்றுக்கணக்கான மைல் அப்பால், கோப்பு இரண்டுக்கும் இடையே என்ற நிலை இவ்வாறு உருவாயிற்று.

1912ஆம் ஆண்டு இந்தியப் பித்தர் சட்டம் விடுதிகளுக்கு வருகையாளர் குழுக்களை வகுத்தது. 1922இல் கீழ்ப்பாக்க விடுதி அரசு மனநோய் மருத்துவமனை எனப் பெயர் மாறியது. 1978இல் அது மனநலக் கழகம் என உயர்ந்தது. இதனைப் பல்லாண்டுகள் வழிநடத்தியவர் இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் எனப் போற்றப்படும் சாரதா மேனன். பெயர் மாற்றங்கள் நோக்கின் மாற்றத்தையும் காட்டுகின்றன. ஆனால் நீதிமன்ற ஆணையின்பேரில் வந்தவர்களைப் பொறுத்தவரை, அவ்விடம் மருத்துவமனையாகவும் காவலிடமாகவும் ஒருங்கே இருந்தது. நோய் தணிந்தால் பிறர் வீடு திரும்பலாம். இவர்கள் வழக்குக்குத் திரும்ப வேண்டும். அத்திரும்புகைக்கு வழியமைப்பது நீதிமன்றத்தின் கையில் இருந்தது.

4. 1898ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிமுறை

1898ஆம் ஆண்டுச் சட்டத்தின் அமைப்பு அதன் காலத்துக்கு நுட்பமானது. 464ஆம் பிரிவின்படி, குற்றஞ்சாட்டப்பட்டவர் சித்த சுவாதீனமற்றவர் என்றும் அதனால் எதிர்வாதம் செய்ய இயலாதவர் என்றும் நம்பக் காரணம் இருந்தால், நடுவர் அதைப் பற்றி விசாரிக்க வேண்டும். சிவில் சர்ஜனைக் கொண்டு சோதிக்கச் செய்து, அம்மருத்துவரைச் சாட்சியாக விசாரித்து, அதை எழுத்தில் பதிய வேண்டும். அமர்வு நீதிமன்றத்திலும் உயர்நீதிமன்றத்திலும் 465ஆம் பிரிவு பொருந்தியது. ஜூரியோ, மதிப்பீட்டாளர் துணையுடன் நீதிமன்றமோ, முதலில் இவ்வினாவையே தீர்மானிக்க வேண்டும் என அது விதித்தது.

இதில் மூன்று கூறுகள் கருதத்தக்கவை. முதலாவது, விதி இரண்டு நிபந்தனைகளைக் கோருகிறது. சித்த சுவாதீனம் இன்மை மட்டும் போதாது. அதன் விளைவாக எதிர்வாதம் செய்ய இயலாமை நேர வேண்டும். இரண்டாவது, மருத்துவர் சான்றிதழ் தருபவர் மட்டும் அல்லர்; சாட்சி கூறுபவர். அவரை இருதரப்பும் குறுக்கு விசாரணை செய்யலாம். தீர்மானிப்பவர் நீதிபதியே. மூன்றாவது, வாசகம் கட்டாயமானது. தரப்பினர் கோராவிடினும் ஐயம் எழுமிடத்து நீதிமன்றம் தானே ஆராயக் கடமைப்பட்டது.

தகுதியற்றவர் எனத் தெரிந்தால் 466ஆம் பிரிவின்படி தக்க பிணையத்தில் விடலாம். இல்லையேல் பாதுகாப்பான காவலில் வைத்து அரசுக்கு அறிவிக்கலாம். பின்னர் தெளிவு பெற்றால், சிறைத்துறைத் தலைவரோ விடுதியின் வருகையாளர்களோ 473ஆம் பிரிவின்படி சான்றளிக்க, விசாரணை மீண்டும் தொடங்கும். சட்டத்தின் வடிவில் வாயில் உண்டு. அவ்வாயிலைக் குறித்த காலத்தில் தட்டிப்பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் நீதிமன்றத்துக்கு இல்லை. குறைபாடு இவ்விடத்திலேயே இருந்தது.

செவிப்புலனோ மொழியறிவோ இன்மையால் வழக்கைப் புரிந்துகொள்ள இயலாதவர்க்கு 341ஆம் பிரிவு வேறு வழி காட்டியது. சித்த சுவாதீனம் உடையவராயினும் நடவடிக்கைகளை அவருக்குப் புரியவைக்க முடியாதபோது விசாரணை தொடரலாம். தண்டனை எனில் உயர்நீதிமன்றத்தின் ஆணைக்கு அனுப்பப்பட வேண்டும். பிரிட்சர்டு வழக்கில் ஒன்றாயிருந்த வினா இந்தியச் சட்டத்தில் இரண்டாகப் பிரிந்தது.

5. ராமன் ராகவ் வழக்கு: இரு சோதனைகள், இரு முடிவுகள்

இவ்விதிகளின் நடைமுறைச் சிக்கலை மிகத் தெளிவாகக் காட்டும் இந்திய வழக்கு, பம்பாய்ப் புறநகர்களில் நடைபாதையிலும் குடிசைகளிலும் உறங்கியோரைக் கொன்றதாக 1968 ஆகஸ்டில் கைதான சிந்தி தல்வாய் என்னும் ராமன் ராகவ் மீதான வழக்காகும். 1969 ஜூனில் அமர்வு நீதிமன்றத்தில் விசாரணை தொடங்கியதும், அவர் எதிர்வாதம் செய்ய இயலாத மனநிலையில் உள்ளார் என எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மனுச் செய்தார். நீதிமன்றம் அவரைப் பம்பாய்க் காவல்துறை மருத்துவரின் கண்காணிப்புக்கு அனுப்பியது. ஜூன் 28 முதல் ஜூலை 23 வரை கண்காணித்த மருத்துவர், அவருக்கு மனநோயோ அறிவுக்குறைவோ இல்லை என்றும், நினைவாற்றல் செம்மையாக உள்ளது என்றும், நடவடிக்கைகளின் நோக்கத்தை அவர் புரிந்துகொள்கிறார் என்றும் அறிக்கை அளித்தார். விசாரணை தொடர்ந்தது. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். எதிர்த்தரப்பில் சாட்சியமளித்த நாயர் மருத்துவமனையின் மனநல மருத்துவர், அவர் நெடுங்காலமாக மனச்சிதைவு நோயால் பாதிக்கப்பட்டவர் என்றார். எனினும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவர் மேல்முறையீடு செய்ய மறுத்தார்.

தண்டனையை உறுதிசெய்யும் கட்டத்தில் பம்பாய் உயர்நீதிமன்றம் மூன்று மனநல மருத்துவர்கள் கொண்ட சிறப்புக் குழுவை அமைக்கப் பணித்தது. அவர் சித்த சுவாதீனமற்றவரா, அதன் விளைவாக எதிர்வாதம் செய்ய இயலாதவரா என்னும் இரண்டு வினாக்கள் குழுவின் முன் வைக்கப்பட்டன. குழு அவரை ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நேர்கண்டது. உலகம் இரண்டாகப் பிளந்துள்ளது, ஒன்று 'கானூன்' என்னும் சட்டத்தின் உலகம், தாம் அதன் பிரதிநிதி என்னும் உறுதியான திரிபெண்ணத்தை அவர் வெளிப்படுத்தினார். விடைபெறும்போது கைகுலுக்க முயன்ற மருத்துவர்களைத் தொடவும் அவர் மறுத்தார். மனச்சிதைவு நோய் உறுதிப்பட்டது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்று 1975இல் பதிவாயிற்று. 1987இல் உயர்நீதிமன்றம் தண்டனையை ஆயுள் சிறையாகக் குறைத்தது. 1995இல் புணேயில் அவர் காலமானார்.

இவ்வழக்கு தரும் பாடங்கள் இரண்டு. முதற் சோதனை நினைவாற்றல், அறிவுத்திறன் ஆகியவற்றை அளந்தது. அவை குறைவின்றி இருந்தன. ஆனால் 'சட்டம்' என்னும் சொல்லுக்கே அவர் உலகில் வேறு பொருள் இருந்ததை அச்சோதனை கண்டறியவில்லை. குற்றச்சாட்டைத் திருப்பிச் சொல்லக்கூடியவர் அதை உணர்ந்தவர் ஆகிவிடுவதில்லை. அமெரிக்க உச்சநீதிமன்றம் 1960இல் டஸ்கி வழக்கில் வகுத்த அளவுகோல் இதனோடு ஒப்பிடத்தக்கது. வழக்கு விவரங்களை அறிந்திருந்தால் மட்டும் போதாது, வழக்கறிஞருடன் பகுத்தறிவோடு கலந்துபேசும் திறனும் நடவடிக்கைகள் பற்றிய உண்மையான புரிதலும் வேண்டும் என அது கூறியது. இரண்டாவது பாடம், குற்றத்தை ஒப்புக்கொள்வதும் மேல்முறையீட்டை மறுப்பதும் நோயின் வெளிப்பாடாக இருக்கக்கூடும் என்பது. தம் உயிரைக் காக்கும் முயற்சியைக் கைவிடுபவரின் சம்மதத்தை நீதிமன்றம் கூடுதல் கவனத்துடன் ஆராய வேண்டியுள்ளது.

6. ஐம்பத்து நான்கு ஆண்டுகள்: மசாங் லாலுங்

தகுதியற்றவர் என்ற முடிவுக்குப்பின் என்ன நேரும் என்பதை அசாமின் மசாங் லாலுங் வரலாறு காட்டுகிறது. 1951இல் கொடுங்காயம் விளைவித்ததாக, தண்டனைச் சட்டத்தின் 326ஆம் பிரிவின்கீழ் கைதான அப்பழங்குடி இளைஞர், தேஜ்பூர் மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். 1967இல் மருத்துவமனை அவர் தகுதி பெற்றுவிட்டார் எனச் சான்றளித்தது. சட்டத்தின்படி அச்சான்று விசாரணையைத் தொடங்கியிருக்க வேண்டும். ஆனால் அவர் சிறைக்கு மாற்றப்பட்டார், விசாரணை தொடங்கவேயில்லை. தேசிய மனித உரிமைகள் ஆணையத்தின் தலையீட்டுக்குப்பின் 2005இல், தம் 77ஆம் வயதில், ஒரு ரூபாய்ப் பிணைமுறியில் விடுதலையானார். கைதானபோது அவருக்கு வயது 23.

உச்சநீதிமன்றம் 2007இல் இழப்பீடும் மாத உதவித்தொகையும் வழங்கப் பணித்ததோடு, இவ்வாறு காவலில் உள்ளோர் பற்றிய மருத்துவ அறிக்கைகளை நீதிமன்றங்கள் கால இடைவெளியில் பெற்று ஆராய வேண்டும் என்னும் நெறிமுறைகளையும் ஏற்றது. இது தனித்த நிகழ்வு அன்று. 1982இல் வீணா சேத்தி வழக்கில் ஹசாரிபாக் சிறையில் மனநோயைக் காரணங்காட்டிப் பல பத்தாண்டுகள் அடைக்கப்பட்டிருந்தோர் பற்றி அதே நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்திருந்தது. அவர்களுட் பலர் நோய் தணிந்தபின்னும் விடப்படாதவர்கள். 1993இல் ஷீலா பார்சே வழக்கில், குற்றம் எதுவும் சாட்டப்படாத மனநோயாளரைச் சிறையில் வைப்பது சட்டத்துக்கு மாறானது என அறிவிக்கப்பட்டது.

இச்சிக்கல் இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் ஏறத்தாழ ஒன்பது டாலர் மதிப்புள்ள திருட்டுக் குற்றச்சாட்டில், கேட்கவும் பேசவும் இயலாத ஒருவர் காலவரையின்றி அடைக்கப்பட்டதை 1972ஆம் ஆண்டு ஜாக்சன் எதிர் இந்தியானா வழக்கு செல்லாததாக்கியது. தகுதி மீளும் வாய்ப்பு உண்டா எனக் கண்டறியத் தேவையான நியாயமான காலத்துக்கு மேல் காவல் நீளலாகாது என்பது அதன் தீர்ப்பு. மேற்கு ஆஸ்திரேலியாவில் மார்லன் நோபில் என்னும் பூர்வகுடியினர் 2003இல் தகுதியற்றவர் எனக் கருதப்பட்டு, குற்றம் மெய்ப்பிக்கப்படாமலே 2012 வரை சிறையிலிருந்தார். ஐக்கிய நாடுகள் மாற்றுத்திறனாளர் உரிமைக் குழு 2016இல் அதனை உரிமை மீறல் எனக் கண்டது.

இவ்வழக்குகளுக்கு இடையே ஓர் ஒற்றுமை உண்டு. பாதிக்கப்பட்டோர் வறியவர், பெரும்பாலும் உறவினர் துணையற்றவர், நீதிமன்ற மொழி தெரியாதவர். குற்றவாளி எனத் தீர்ப்புப் பெற்றிருந்தால் அவர்களுட் பலரின் காவல் முன்னரே முடிந்திருக்கும்.

7. திருத்தங்கள்: 1973 முதல் 2023 வரை

1973ஆம் ஆண்டுக் குற்ற நடைமுறைச் சட்டம் பழைய விதிகளை 328 முதல் 339 வரையிலான பிரிவுகளாகப் பெரும்பாலும் அப்படியே ஏற்றது. உண்மையான மாற்றம் 2009 டிசம்பர் 31 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தத்தால் நேர்ந்தது. அது மூன்று புதுமைகளைக் கொணர்ந்தது. சிவில் சர்ஜன் சித்த சுவாதீனம் இன்மையைக் கண்டால் மனநல மருத்துவர் அல்லது மருத்துவ உளவியலாளரிடம் அனுப்ப வேண்டும். அவர் முடிவில் குறையிருப்பின், அருகமை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுத் தலைவரும் அருகமை மருத்துவக் கல்லூரியின் மனநலத்துறை ஆசிரியரும் அடங்கிய மருத்துவக் குழுவிடம் குற்றஞ்சாட்டப்பட்டவர் முறையிடலாம். மூன்றாவது புதுமையே தலையாயது: தகுதியற்றவர் எனத் தெரிந்தபின் நீதிபதி வழக்கை வெறுமனே ஒத்திவைக்கலாகாது. வழக்கறிஞரைக் கேட்டு, ஆவணங்களை ஆராய்ந்து, முகாந்திரம் இல்லையெனில் விடுவிக்க வேண்டும். குற்றஞ்சாட்டப்பட்டவரின் பங்கேற்பின்றியே அவருக்குச் சாதகமான முடிவெடுக்க இவ்வாறு வழி பிறந்தது.

330ஆம் பிரிவும் மாற்றி எழுதப்பட்டது. உள்நோயாளிச் சிகிச்சை தேவையில்லாதபோது, நண்பரோ உறவினரோ புறநோயாளிச் சிகிச்சை பெறச் செய்வதாக உறுதியளித்தால், பிணையில் விட முடியாத குற்றமாயினும் பிணையில் விடலாம் என்றாயிற்று. 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, தன் 103ஆம் பிரிவில் சிறைவாசிகளின் சிகிச்சையையும், 105ஆம் பிரிவில் நீதிமன்ற நடவடிக்கையில் மனநோய்க் கூற்று மறுக்கப்படும்போது மனநல மறுஆய்வு வாரியத்தின் கருத்தைப் பெறுவதையும் வகுத்தது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா இவ்விதிகளை 367 முதல் 378 வரையிலான பிரிவுகளில் வைத்துள்ளது. 'மனவளர்ச்சிக் குறைவு' என்னும் பொருள்படும் பழஞ்சொல் நீங்கி 'அறிவுசார் குறைபாடு' என்னும் வழக்கு வந்துள்ளது. 'பித்தர் விடுதி' நீங்கிப் 'பொது மனநல நிறுவனம்' வந்துள்ளது. ஆயினும் தகுதியின்மையால் நேரும் காவலுக்கு வெளிப்படையான உச்ச வரம்பு எதையும் இப்பிரிவுகள் விதிக்கவில்லை. விசாரணைக் கைதிகளுக்குத் தண்டனைக் காலத்தின் பாதி, முதல்முறைக் குற்றத்துக்கு மூன்றில் ஒரு பங்கு என 479ஆம் பிரிவு வகுத்த வரம்பு இவர்களுக்கும் பயன்பட வேண்டுமெனில், அதனை நீதிமன்றத்தின் முன் எடுத்துரைக்க ஒருவர் வேண்டும்.

8. தாம்பரம்: மூன்று முனைகளுக்கு இடையே

இவ்வரலாற்றின் இன்றைய முகத்தைத் தாம்பரத்தில் வைத்துப் பார்க்கலாம். 1928இல் மருத்துவர் டேவிட் சௌரிமுத்து காசநோய் மருத்துவமனையை நிறுவியபோது, நகருக்கு வெளியே நோயாளரைத் தனித்து வைக்க உகந்த இடமாக விளங்கிய ஊர் அது. இன்று மாநகராட்சி, 2022 முதல் தனிக் காவல் ஆணையரகம். 2019இல் உருவான செங்கல்பட்டு மாவட்டத்தில் தாம்பரம் அடங்கும். ஆனால் ஆணையரகத்தின் எல்லை ஒரே வருவாய் மாவட்டத்துக்குள் அடங்குவதன்று. எனவே காவல் எல்லை, நீதிமன்ற எல்லை, மருத்துவ எல்லை ஆகிய மூன்றும் இங்கு ஒன்றோடொன்று பொருந்துவதில்லை.

'அருகமை' மருத்துவக் கல்லூரி என்னும் சட்டச்சொல்லின் நடைமுறைப் பொருள் இங்கேதான் தெளிவாகும். தெற்கே 1965இல் தொடங்கிய செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி. வடக்கே கீழ்ப்பாக்கம் மனநலக் கழகம். காவலில் வைக்கப்படுபவர் செல்லக்கூடிய புழல் மத்தியச் சிறையோ சென்னையின் வடகோடியில் உள்ளது. புறநகரில் கைதான ஒருவர் சோதனைக்கும் விசாரணைக்குமாக நகரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வழிக்காவலுடன் அழைத்துச் செல்லப்பட வேண்டும். ஒவ்வொரு பயணத்துக்கும் வழிக்காவலர் கிடைக்க வேண்டும்; கோப்பு உடன் செல்ல வேண்டும்; மருத்துவர் சாட்சியமளிக்க வர வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினாலும் வாய்தா தள்ளிப்போகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருநெல்வேலிக்கும் சென்னைக்கும் இடையே இருந்த தொலைவு இன்று ஒரே பெருநகருக்குள் வேறு வடிவில் நிற்கிறது.

தாம்பரம் பெரிய தொடர்வண்டி நிலையமும் கூட. தென்மாவட்டங்களிலிருந்தும் வெளிமாநிலங்களிலிருந்தும் வருவோர் இறங்கும் இடம். வீடின்றி அலையும் மனநோயாளர் ஒருவர் இங்குக் கல்லெறிந்தார் என்றோ, பொருளைச் சேதப்படுத்தினார் என்றோ புகார் எழுந்தால், காவல் நிலையத்தின் முன் இரண்டு பாதைகள் உள்ளன. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆம் பிரிவின்படி, அவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் பொது மருத்துவ நிறுவனத்தில் சேர்ப்பிக்கலாம். அவ்வாறு எடுக்கப்பட்டவரைக் காவல் அறையிலோ சிறையிலோ வைக்கலாகாது. வழக்குப் பதிந்து சிறைக்கு அனுப்புவது மற்றொரு பாதை. முதற்பாதை சிகிச்சையில் முடியக்கூடியது. இரண்டாம் பாதையில் அதே சிகிச்சை, தகுதி ஆய்வு, ஒத்திவைப்பு, காவல் என்னும் நீண்ட சுற்றுக்குப்பின் வருகிறது. உறுதியளிக்க உறவினர் இல்லாதபோது பிணையும் எட்டாக் கனியாகிறது. முதல் நாளில் ஒரு காவல் அலுவலர் எடுக்கும் முடிவு, பின்வரும் நீதிமன்ற ஆணைகள் பலவற்றைக் காட்டிலும் அவர் வாழ்வைத் தீர்மானிக்கவல்லது.

மொழிச் சிக்கலும் இதனோடு இணைகிறது. இந்தியோ வங்காளமோ ஒடியாவோ மட்டும் பேசும் ஒருவரைத் தமிழ் மட்டும் பேசும் சூழலில் சோதிக்கும்போது, மறுமொழி இன்மை நோயின் அடையாளமா, மொழி அறியாமையா என்பதைப் பிரித்தறிய வேண்டும். முன்னதற்கு 367ஆம் பிரிவின் வழி, பின்னதற்கு மொழிபெயர்ப்பாளர். பிரிட்சர்டு வழக்கின் முதல் வினா இங்கு மீண்டும் எழுகிறது.

9. சொல்லும் நோக்கும்

தமிழ்நாட்டு நீதிமன்ற வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவர் 'எதிரி' எனப்படுகிறார். அவரது மனநிலை 'சித்த சுவாதீனம்' என்னும் வடசொற்றொடரால் குறிக்கப்படுகிறது. சித்தம் உள்ளம், சுவாதீனம் தன் வசம் இருத்தல். ஆங்கில மூலத்தின் சொல் மனத்தின் 'நலமின்மையை'ச் சுட்ட, தமிழ் வழக்கு அதனைத் 'தன் வசமின்மை'யாகப் பெயர்த்தது. ஒருவகையில் இப்பெயர்ப்பு மூலத்தைவிடப் பொருத்தமானது. தகுதி ஆய்வு உண்மையில் கேட்பது, உள்ளம் தன் வசத்தில் இருந்து எதிர்வாதத்துக்குப் பயன்படுகிறதா என்பதையே. ஆனால் பேச்சு வழக்கில் இத்தொடர் 'பைத்தியம்' என்னும் நிலையான முத்திரையாகத் தேய்ந்துவிட்டது. தகுதி நாளுக்கு நாள் மாறக்கூடியது, முத்திரை மாறுவதில்லை. சட்டத் தமிழ் 'விசாரணைத் தகுதி', 'எதிர்வாதத் திறன்' போன்ற தொடர்களை ஆணைகளிலும் அறிக்கைகளிலும் கையாளுமாயின், மருத்துவரிடம் கேட்கப்படும் வினா தெளிவடையும். 'மனநிலையைச் சோதித்து அறிக்கை தருக' என்னும் ஆணைக்கு நோயின் பெயரே விடையாக வரும். 'குற்றச்சாட்டைப் புரிந்துகொண்டு வழக்கறிஞருக்குத் தகவல் அளிக்க இயலுமா' என்னும் ஆணைக்குத் திறன் பற்றிய விடை வரும்.

முடிவுரை

விசாரணைத் தகுதி ஆய்வு, பேச இயலாதவரைத் தண்டிக்கலாகாது என்னும் அறத்திலிருந்து பிறந்தது. அதே விதி கால வரம்பின்றி அமைந்ததால், பேச இயலாதவர் மறக்கப்படவும் இடமளித்தது. ராமன் ராகவ் வழக்கு சோதனையின் தரம் பற்றியும், மசாங் லாலுங் வரலாறு சோதனைக்குப் பிந்தைய மௌனம் பற்றியும் எச்சரிக்கின்றன. 2009ஆம் ஆண்டுத் திருத்தமும் 2017ஆம் ஆண்டுச் சட்டமும் இவற்றுக்குப் பெருமளவு விடை தந்துள்ளன.

எஞ்சியுள்ளவை நான்கு. தகுதியின்மையால் நேரும் காவலுக்குச் சட்டத்திலேயே உச்ச வரம்பு வேண்டும். ஒத்திவைக்கப்பட்ட வழக்குகளுக்கு ஒவ்வொரு நீதிமன்றத்திலும் தனிப் பதிவேடு இருந்து, மருத்துவ அறிக்கை வந்ததா என்பது குறித்த நாளில் பார்க்கப்பட வேண்டும். உறவினர் இல்லாதவர்க்கு உறுதியளிக்கும் பொறுப்பைச் சட்டப்பணிகள் ஆணைக்குழு போன்ற அமைப்பின் வழியாக நிறைவேற்ற வகை காண வேண்டும். மருத்துவரிடம் கேட்கும் வினாவை நீதிமன்றம் திறன் நோக்கில் வகுக்க வேண்டும். இவற்றுள் முதலாவது நாடாளுமன்றத்தின் பணி. ஏனைய மூன்றையும் தாம்பரத்தின் நடுவர் நீதிமன்றமும் செங்கல்பட்டின் அமர்வு நீதிமன்றமும் புதிய சட்டத்துக்குக் காத்திராமல் தொடங்க இயலும். 1967இல் தேஜ்பூரிலிருந்து புறப்பட்ட சான்று ஒரு பதிவேட்டில் ஏறி ஒரு நடுவரின் பார்வைக்குச் சென்றிருந்தால், ஒரு மனிதரின் முப்பத்தெட்டு ஆண்டுகள் மீட்கப்பட்டிருக்கும்.